‘அவன் இவனைப் பெற்றான்’: யூத மறைநூலின் வம்ச வரலாறுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே வருடத்தில் பைபிளை முழுதாக வாசித்து முடிப்பது என்று ஜனவரியில் கிளம்புகிறவர்களில் பலர் லேவியராகமத்தில் தடுமாறுவார்கள். அதையும் தாண்டி வந்தவர்களை நாளாகமம் கவிழ்த்துவிடும். ஒன்பது அதிகாரம், அத்தனையும் பெயர்கள். அந்தப் பெயர்களைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடாக வாசிக்கும் நூல்கள்தாம் யூதர்களின் மறைநூல். அதை அவர்கள் தனாக் என்பார்கள். ஆள் பெயர்களைப் பெரும்பாலும் தமிழ் வேதாகமத்தில் வருகிறபடியே எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு பெயர்களை எதற்காக எழுதி வைத்தார்கள்?

யாரோ எதையோ கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பதில்தான் பட்டியல். கேள்வி உதிர்ந்துபோய் பதில் மட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சலிப்புத் தட்டுவது அதனால்தான். இந்த நிலம் யாருக்குப் பாத்தியம்? பலிபீடத்தின் அருகே யார் போகலாம்? அரசன் எந்த வீட்டிலிருந்து வர வேண்டும்? எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் பங்காளியா, அந்நியனா? வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுகிறவர் தாத்தாவை நினைத்து உருகுவதற்காகப் போடுவதில்லை. இந்தப் பட்டியல்களும் அந்த ஜாதிதான்.

ஓர் உதாரணம். யாத்திராகமம் 6ஆம் அதிகாரத்தில், பார்வோனிடம் போய்ப் பேசு என்று கடவுள் சொல்கிறார். எனக்குப் பேச வராதே, அவன் எப்படிக் கேட்பான் என்கிறார் மோசே. கதை சூடு பிடிக்கும் இந்த இடத்தில் திடீரென்று ஒரு வம்சப் பட்டியல். யாக்கோபின் மக்கள் பன்னிரண்டு பேரையும் சொல்லப்போகிறது போல ரூபனில் தொடங்குகிறது, அடுத்து சிமியோன், மூன்றாவதாக லேவி. அங்கேயே நின்றுவிடுகிறது. மற்ற ஒன்பது பேர் வரவே இல்லை. தேடிய ஆள் கிடைத்துவிட்டார், அவ்வளவுதான். லேவியிலிருந்து கோகாத், அம்ராம், பிறகு ஆரோனும் மோசேயும். இன்னும் கூர்ந்து பார்த்தால், மோசேயின் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆரோனுக்கோ மனைவி யார், மைத்துனன் யார், மகன் எலெயாசார், பேரன் பினெகாஸ் வரை வந்துவிடுகிறது. கேட்கப்பட்ட கேள்வி மோசேயைப் பற்றியது அல்ல. ஆசாரியத்துவம், அதாவது பலி செலுத்தும் பூசாரி உரிமை, எந்த வழியில் போகிறது என்பது.

எபிரெயத்தில் இதற்கு என்ன பெயர்?

இரண்டு சொற்கள். பழையது ‘தோலதோத்’. பெறுதல், பிறப்பித்தல் என்ற வினையடியிலிருந்து வந்தது. தமிழில் ‘வம்சவரலாறு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள்; நல்ல மொழிபெயர்ப்பு, ஏனென்றால் அந்தச் சொல் பட்டியலையும் குறிக்கும், கதையையும் குறிக்கும். ஆதியாகமத்தில் இது 11 முறை தலைப்புப் போல வருகிறது. முதல் தடவை ஆளுக்கே அல்ல, வானத்துக்கும் பூமிக்கும் (2:4). கடைசியாக ‘யாக்கோபின் தோலதோத்’ என்று சொல்லிவிட்டு (37:2) பட்டியலே போடாமல் யோசேப்பின் கதைக்குள் இறங்கிவிடுகிறது.

மற்றது ‘யஹஸ்’. எஸ்றா, நெகேமியா, நாளாகமம் ஆகிய பிற்கால நூல்களில்தான் இந்த வேர் புழங்குகிறது. தோலதோத் ‘யார் யாரிடமிருந்து வந்தார்கள்’ என்று சொல்லும். யஹஸ் ‘உன் பெயர் பதிவில் இருக்கிறதா’ என்று கேட்கும். இரண்டுக்கும் நடுவே யூதர்கள் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டுவிட்டார்கள்.

மெத்தூசலா நிஜமாகவே 969 வருடம் வாழ்ந்தாரா?

இந்தப் பக்கத்தில் மிக அதிகமாக வரும் கேள்வி இதுதான். ‘நிஜமா’ என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அந்த எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு பிறக்கிறார். லாமேக்குக்கு 182 வயதில் நோவா. நோவாவுக்கு 600 வயதில் வெள்ளம். 187ஐயும் 182ஐயும் 600ஐயும் கூட்டினால் 969. வெள்ளம் வந்த அதே வருடம் கிழவர் போய்ச் சேருகிறார். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அது ஒருவர் போட்ட கணக்கும் அல்ல. சமாரியர்கள் வைத்திருக்கும் தோராவில் (மறைநூலின் முதல் ஐந்து நூல்களில்) எண்கள் வேறு. அங்கே மெத்தூசலா 67இல் லாமேக்கைப் பெறுகிறார், லாமேக்கு 53இல் நோவாவை. மெத்தூசலாவின் மொத்த வயது 720. கூட்டினால் அங்கும் வெள்ள வருடம்தான். அந்தப் பாடத்தில் யாரேத்தும் லாமேக்கும்கூட அதே வருடம் இறக்கிறார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் ஒரு பாடத்திலோ கணக்கு இடறுகிறது: 167, 188, 600 என்று கூட்டினால் 955, ஆனால் ஆள் வாழ்ந்தது 969. அதாவது பேழையில் ஏறாமலேயே வெள்ளத்துக்குப் பின் 14 வருடம் உயிரோடு இருந்திருக்கிறார்! பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர்கள் இதைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். வேறு பிரதிகளில் 187 என்று திருத்தியும் வைத்திருக்கிறார்கள்.

பெரிய எண்கள் இஸ்ரவேலருக்கு மட்டும் சொந்தமல்ல. ஆக்ஸ்போர்டில் இருக்கும் சுமேரிய அரசர் பட்டியலின் களிமண் பட்டகத்தில் வெள்ளத்துக்கு முன் ஆண்ட எட்டு அரசர்களுக்கு மொத்தம் 2,41,200 வருடம். அதோடு வைத்துப் பார்த்தால் ஆதியாகமம் சிக்கனம். அந்தப் பட்டியலின் ஏழாவது அரசன், சூரியதேவனின் ஊரான சிப்பாரை ஆண்டவன். ஆதியாகமத்தில் ஆதாமிலிருந்து ஏழாவது ஆள் ஏனோக்கு. அவருடைய வயது 365, சூரிய வருடத்தின் நாட்கள். தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் இந்த வயதுகள் வரும் ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தின் உண்மையான உயிர் எண்களில் இல்லை. ஒவ்வொருவரும் இத்தனை வருடம் வாழ்ந்தார், பெற்றார், மொத்தம் இத்தனை, ‘மரித்தான்’. அடுத்தவர், மறுபடியும் ‘மரித்தான்’. பறை அடிக்கிறது போல விழுந்துகொண்டே வந்து, ஏனோக்கிடம் மட்டும் அந்த அடி விழுவதில்லை. அவர் கடவுளோடு நடந்தார், பிறகு காணப்படவில்லை. வாய்விட்டு வாசித்தால்தான் இது காதில் விழும்.

யூத நாட்காட்டியின் ஆண்டு எண்ணுக்கு அடிப்படையும் இந்த வயதுகள்தாம். ஆதாமிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் வெள்ளம் 1656இல், ஆபிரகாம் பிறப்பு 1948இல். அந்த வரிசையில் 2024 இலையுதிர் காலத்தில் 5785ஆம் ஆண்டு பிறந்தது.

ஆதியாகமம் 10இல் ஊரும் நாடும் மனிதரைப் போல வருகின்றனவே?

ஆமாம். கானானின் மூத்த மகன் சீதோன். அது துறைமுக நகரம். மிஸ்ராயீம் என்பது எகிப்துக்கான எபிரெயப் பெயர். இந்த அதிகாரம் உலகப் படத்தைக் குடும்ப மரமாக வரைந்து வைத்திருக்கிறது. யூத மரபு இதில் 70 இனங்களை எண்ணும். கூடாரப் பண்டிகையின் ஏழு நாட்களில் ஆலயத்தில் பலியிட்ட 70 காளைகளும் இந்த 70 இனங்களுக்காக என்பது, பழைய யூத அறிஞர்களின் விளக்கத் தொகுப்பான தல்மூத்தின் விளக்கம்.

யாப்பேத்தின் மகன்களில் ஒருவன் யாவான், அதாவது கிரேக்கர். ஆசியா மைனரின் கரையோரத்தில் இருந்த அயோனியக் கிரேக்கரின் பெயர் கிழக்கே வந்தபோது எபிரெயத்தில் யாவான் ஆனது, நம் பக்கம் யவனர் ஆனது. சங்கப் பாட்டில் மிளகு வாங்க வந்த யவனனுக்கு ஆதியாகமத்தில் ஒரு தாத்தா இருக்கிறார்.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த விஷயம், எழுதியவர்களின் இனமே அதில் இல்லை என்பது. இஸ்ரவேல் என்ற பெயர் வரவே இல்லை. ஏபேர் என்ற ஒரு முன்னோர் மட்டும் ஓரமாக நிற்கிறார். நாங்கள்தான் முதலில் தோன்றியவர்கள் என்று தொடங்காத இனவரலாறு அபூர்வம்.

அக்கம்பக்கத்து எதிரிகளும் இப்படியே உறவுக்குள் இழுக்கப்படுகிறார்கள். ஏதோம், யாக்கோபின் அண்ணன் ஏசா. மோவாபும் அம்மோனும் லோத்தின் வழி. இஸ்மவேலுக்கும் பன்னிரண்டு மகன்கள், ஆபிரகாமின் தம்பி நாகோருக்கும் பன்னிரண்டு, யாக்கோபுக்கும் பன்னிரண்டு. உறவு என்று எழுதிவிட்டால் சட்டமும் பின்னாலேயே வரும்: ஏதோமியன் உன் சகோதரன், அவனை அருவருக்காதே என்கிறது உபாகமம் 23.

நடுவில் தலைமுறைகள் விடுபட்டிருக்கின்றனவா?

தாராளமாக. ‘மகன்’ என்ற எபிரெயச் சொல் பேரனுக்கும் பொருந்தும், பத்துத் தலைமுறை தள்ளி வந்தவனுக்கும் பொருந்தும். எஸ்றா தன் வழியை ஆரோன்வரை சொல்லும்போது ‘மெராயோத்தின் மகன் அசரியா’ என்கிறார் (எஸ்றா 7:3). அதே வரிசையை 1 நாளாகமம் 6இல் பார்த்தால் அந்த இரண்டு பேருக்கு நடுவே அமரியா, அகிதூப், சாதோக், அகிமாஸ், அசரியா, யோகனான் என்று ஆறு பேர். எழுதுகிறவரின் கை ஒரு அமரியா-அகிதூப்-சாதோக்கிலிருந்து அதே பெயர்கள் கொண்ட இன்னொரு வரிசைக்குத் தாவியிருக்கலாம். வேண்டுமென்றே சுருக்கியும் இருக்கலாம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற பழக்கம் உள்ள எந்தக் குடும்பத்திலும் நடக்கிற குழப்பம்தான்.

மோசே விஷயத்தில் இது பெரிய சிக்கலாகவே ஆனது. எகிப்தில் 430 வருடம் என்கிறது யாத்திராகமம் 12:40. ஆனால் லேவி, கோகாத், அம்ராம், மோசே என்று நாலே தலைமுறை. எகிப்துக்கு வந்தபோதே கோகாத் பிறந்துவிட்டார். அவருடைய ஆயுள் 133, அம்ராமின் ஆயுள் 137, விடுதலையின்போது மோசேக்கு 80. முழுதாகக் கூட்டினாலும் 350தான். யூத மத அறிஞர்களான ரபிகள் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 430ஐ ஆபிரகாமுடன் செய்த உடன்படிக்கையிலிருந்து எண்ணி, எகிப்தில் தங்கியது 210 வருடம் என்று கணக்கை நேர் செய்தார்கள்.

ஒரே ஆளுக்கு இரண்டு அப்பா வருகிறதே, எது சரி?

பாபிலோனிலிருந்து திரும்பியவர்களின் தலைவர் செருபாபேல், எஸ்றாவிலும் ஆகாயிலும் செயல்த்தியேலின் மகன். 1 நாளாகமம் 3:19இல் பெதாயாவின் மகன். தாவீதின் அப்பா ஈசாய்க்கு 1 சாமுவேலில் எட்டு மகன்கள், நாளாகமத்தில் ஏழு. தாவீது எட்டாவதாக இல்லாமல் ஏழாவதாக நிற்பது நாளாகமக்காரருக்கு அழகாகப் பட்டிருக்க வேண்டும். சாமுவேலின் அப்பா எல்க்கானா எப்பிராயீம் மலைநாட்டுக்காரர் என்று ஒரு நூல் தொடங்கும். நாளாகமம் அவரை ஆலயப் பணிக்கு உரிய லேவி வம்சத்தில் சேர்க்கும். சிறுவயதிலேயே ஆலயத்தில் பலிகளின் நடுவே வளர்ந்த சாமுவேல் லேவியராக இல்லாமல் எப்படி என்ற கேள்விக்கு அது விடை.

இவற்றைவிட எனக்கு வியப்பான இடம் நியாயாதிபதிகள் 18:30. தாண் கோத்திரத்தார் ஒரு விக்கிரகத்தை நிறுத்தி, அதற்கு யோனத்தான் என்ற லேவியனைப் பூசாரியாக வைக்கிறார்கள். அவன் யார்? தமிழ் வேதாகமத்தில் மனாசேயின் மகனான கெர்சோனின் மகன். எபிரெயப் பிரதியை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயரின் நடுவே ‘நூன்’ என்ற எழுத்து மட்டும் வரியிலிருந்து மேலே தூக்கி, தொங்குவது போல எழுதப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டு வாசித்தால் ‘மோசே’. விக்கிரகப் பூசாரி மோசேயின் பேரன்! அவருக்கு அவமானம் வரக்கூடாது என்று பிரதி எடுத்தவர்கள் ஓர் எழுத்தைச் செருகினார்கள். ஆனால் செருகியது தெரியாமல் போகவும் மனமில்லை. மறைக்கவும் செய்து, மறைத்ததைக் காட்டவும் செய்து, நூற்றாண்டுக்கணக்கில் அப்படியே பிரதி எடுத்திருக்கிறார்கள்.

பெண்கள் ஏன் இல்லை?

வம்சம் அப்பா வழியாக எண்ணப்பட்டதால் குறைவு. இல்லாமல் இல்லை. ஒரு பெண்ணின் பெயர் வந்தால் அங்கே நின்று ஏன் என்று கேட்க வேண்டும்.

சேசானுக்கு மகன் கிடையாது. தன் எகிப்திய வேலைக்காரன் யர்காவுக்கே மகளைக் கட்டிக்கொடுக்கிறார், வம்சம் அதன் வழியே தொடர்கிறது (1 நாளாகமம் 2). எப்பிராயீமின் வழியில் சேராள் என்ற ஒரு பெண் மேல் பெத்தொரோன், கீழ் பெத்தொரோன் என்ற ஊர்களைக் கட்டினாள் என்று ஒரே வரி (7:24). முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் கதை தனி. மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். (கப்பல் கட்டிய நோவா வேறு, எபிரெயத்தில் எழுத்தே வேறு.) எண்ணாகமம் 27இல் இவர்கள் மோசே, எலெயாசார், பிரபுக்கள், சபை எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். மகன் இல்லை என்பதற்காக எங்கள் அப்பாவின் பெயர் ஏன் அவர் குலத்திலிருந்து அற்றுப்போக வேண்டும், எங்களுக்குக் காணி கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை; கடவுளிடம் கொண்டுபோகிறார். பெண்கள் கேட்பது நியாயம் என்று தீர்ப்பு வருகிறது. பிறகு 36ஆம் அதிகாரத்தில் கோத்திரத்துப் பெரியவர்கள், இவர்கள் வெளியே கல்யாணம் செய்தால் நிலம் வெளியே போய்விடுமே என்று முறையிட, சொந்தக் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று நிபந்தனை விழுகிறது. ஐவரும் சித்தப்பா பெரியப்பா மக்களை மணக்கிறார்கள்.

இது வெறும் கதை என்று விட்டுவிடலாம், மண் விடவில்லை. 1910இல் ஹார்வர்டு பல்கலைக்கழக அகழாய்வில் சமாரியாவின் அரண்மனைப் பகுதியில் மையால் எழுதிய பானையோடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டு. எந்தப் பகுதியிலிருந்து யாருக்கு எத்தனை ஜாடி பழைய திராட்சரசம், எவ்வளவு எண்ணெய் வந்தது என்ற வெறும் கணக்கு. அதில் வரும் பகுதிப் பெயர்களில் அபியேசர், ஏலேக், செமிதா ஆகியவை மனாசே கோத்திரத்துப் பட்டியலில் வரும் ஆண்களின் பெயர்கள். கூடவே நோவாளும் ஒக்லாளும். அரசாங்கக் கிடங்குக்காரனுக்கு அவை பெண்கள் அல்ல, சரக்கு வரும் வட்டாரங்கள். ஐந்தாமவள் திர்சாளின் பெயரில் ஒரு நகரமே உண்டு. சமாரியாவுக்கு முன் வடக்கு இஸ்ரவேல் அரசின் தலைநகரம் அதுதான். ‘செலொப்பியாத்தின் மகள்கள்’ என்ற வரிக்குப் பின்னால் இருந்த கேள்வி இப்போது தெரிகிறது: அந்தப் பெயர்கொண்ட பகுதிகள் மனாசேயின் நிலத்தில் எப்படி வந்தன?

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

எஸ்றா 2ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். பாரசீக மன்னர் கோரேசு கி.மு. 538 வாக்கில் அனுமதி கொடுத்து, பாபிலோனிலிருந்து யூதர்கள் திரும்புகிறார்கள். மொத்தம் 42,360 பேர். (வரிவரியாகக் கூட்டினால் 29,818தான் வரும். நெகேமியா 7இல் இதே பட்டியல். அங்கே கூட்டினால் 31,089. மொத்தத்தை மட்டும் இரண்டும் 42,360 என்றே சொல்கின்றன.)

பட்டியலின் கடைசியில் சிலர் தனியே நிற்கிறார்கள். தெல்மெலாக் போன்ற ஊர்களிலிருந்து வந்த தெலாயா, தொபியா, நெகோதா வீட்டார் 652 பேர். தெல்மெலாக் என்றால் உப்பு மேடு. இஸ்ரவேலர்தாம் என்று காட்ட இவர்களிடம் ஆதாரம் இல்லை. ஆனாலும் திருப்பி அனுப்பப்படவில்லை. ஜனங்களோடு சேர்ந்தே வந்தார்கள்.

ஆசாரியக் குடும்பங்கள் மூன்றுக்குத்தான் பிரச்சினை: அபாயா, கோஸ், பர்சிலாய். பதிவேட்டில் தேடினார்கள், காணோம். பர்சிலாய் வீட்டுக் கதை சுவாரஸ்யமானது. அந்த வம்சத்தின் முன்னோர் ஒருவர், தாவீதுக்கு உதவிய பெரும் பணக்காரர் பர்சிலாயின் குடும்பத்தில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். அன்றைக்கு அது கௌரவம். பல தலைமுறை கழித்து ஆசாரியர் பதிவில் பேரைத் தேடும்போது அதுவே வினையாக வந்து நின்றது. ஆளுநர் தீர்ப்பு: ஊரீம் தும்மீம் வைத்துக் கடவுளின் சித்தம் கேட்கக்கூடிய ஆசாரியர் ஒருவர் எழும்பும்வரை பரிசுத்த உணவில் கை வைக்கக்கூடாது. தள்ளிவிடவும் இல்லை, சேர்த்துக்கொள்ளவும் இல்லை. வழக்கை ஒத்திவைத்திருக்கிறார்.

கோஸ் வீட்டார் எப்படியோ கரையேறினார்கள் என்று தோன்றுகிறது. எஸ்றா 8இல் ஆலயத்துக்கு வந்த வெள்ளியையும் பொன்னையும் நிறுத்து வாங்குகிறவர் உரியாவின் மகன் மெரெமோத் என்ற ஆசாரியர். நெகேமியா 3, எருசலேம் மதிலைப் பழுதுபார்த்தவர்களில் அவரைக் குறிப்பிடும்போது, கோசின் மகனான உரியாவின் மகன் என்கிறது.

ரூத்தின் முடிவில் ஒட்டவைத்தது போல ஒரு பட்டியல் எதற்கு?

ரூத் மோவாபியப் பெண். மோவாபியன் பத்தாம் தலைமுறைவரை சபைக்குள் வரக்கூடாது என்பது உபாகமச் சட்டம். நூலின் முடிவில் உள்ள பட்டியலில், யூதாவின் மகன் பேரேசிலிருந்து தாவீது வரை சரியாகப் பத்துப் பெயர். ரூத்தை மணந்த போவாஸ் ஏழாவது, தாவீது பத்தாவது. ரூத்திலிருந்து எண்ணினால் தாவீது கொள்ளுப்பேரன்தான். அரசனின் கொள்ளுப்பாட்டி யார் என்பதை மறைத்திருக்கலாம். ஊரறியச் சொல்கிறது இந்நூல். பின்னால் வந்த ரபிகள், தடை மோவாபிய ஆணுக்குத்தான், பெண்ணுக்கு இல்லை என்று தீர்த்தார்கள்.

நாளாகமத்தின் ஒன்பது அதிகாரத்தைத் தாண்டிவிடலாமா?

முதல் தடவை தாண்டுங்கள், தப்பில்லை. இரண்டாவது தடவை அளவுகளைப் பாருங்கள். யூதாவுக்கு ஏறக்குறைய மூன்று அதிகாரம், லேவிக்கு 81 வசனம். தாணும் செபுலோனும் கோத்திர வரிசையில் காணவே காணோம். எழுதியவர் பாரசீகர் காலத்து எருசலேமில் இருக்கிறார். அரசன் இல்லை, ஆலயம் இருக்கிறது. தாவீதின் வீடும் லேவியரின் வேலைமுறையும்தான் அவருக்கு முக்கியம், இடமும் அதற்கேற்பப் போகிறது.

தொடக்கம் அலாதி. ‘ஆதாம், சேத், ஏனோஸ்’ என்று வினைச்சொல்லே இல்லாமல் பதின்மூன்று பெயர். பத்துப் பேர் அப்பா மகன் என்று இறங்கி வருகிறார்கள். கடைசி மூவர் சேம், காம், யாப்பேத் உடன்பிறந்தவர்கள். அதைச் சொல்லக்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. வாசகனுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டார். பெயர்களுக்கு நடுவே மெல்லிய நூலாடை நெய்கிற குடும்பங்கள், அரசனுக்காக வேலை செய்கிற குயவர்கள் என்று சில ஆட்களும் வந்து போவார்கள் (4:21-23).

யூத அறிஞர்களுக்கே இது சலிப்பாக இல்லையா?

இருந்திருக்கிறது, அதைக் கெட்ட அரசன் ஒருவன் வாயில் போட்டுச் சொன்னார்கள். எசேக்கியாவின் மகன் மனாசே, ‘லோத்தானின் சகோதரி திம்னா’ என்று எழுதுவதைத் தவிர மோசேக்கு வேறு வேலை இல்லையா என்று கேலி செய்தானாம் (சன்ஹெத்ரின் 99ஆ). ஆதியாகமம் 36இல், ஏதோமியர் பட்டியலில் வருகிற ஒரு வரி அது. தல்மூத் கேலியைக் கண்டித்துவிட்டு அந்த வரியையே ஒரு கதையாக விரிக்கிறது: திம்னா ஒரு இளவரசி. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூவரிடமும் வந்து உங்களோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாள், மூவரும் மறுத்தார்கள். வேறு ஜனத்துக்கு ராணியாக இருப்பதைவிட இந்த ஜனத்தில் வேலைக்காரியாக இருப்பது மேல் என்று ஏசாவின் மகன் எலிப்பாசுக்கு மறுமனையாட்டியானாள். அவள் வயிற்றில் பிறந்தவன் அமலேக்கு, இஸ்ரவேலின் பரம எதிரி. அவளைத் தள்ளியிருக்கக்கூடாது என்று முடிகிறது. ஒரு பெயரிலிருந்து தம் முன்னோர் மூவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

இடைக்கால யூத அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204) இதே வரிக்கு வேறு காரணம் சொல்வார். அமலேக்கை அழிக்கக் கட்டளை இருக்கிறது. ஏதோமியரின் மற்றக் கிளைகளும் அதில் சிக்கி அழிந்துவிடக்கூடாது. அதற்காகவே யார் எந்தத் தாய்க்குப் பிறந்தவர் என்று பிரித்து எழுதப்பட்டது.

தல்மூத்தில் இன்னொரு குறிப்பும் உண்டு. 1 நாளாகமம் 8இன் முடிவில் ஆத்சேல் என்பவரின் ஆறு மகன்கள் வருவார்கள்; 9இன் முடிவில் அப்படியே மறுபடி வருவார்கள். அந்த இரண்டு ஆத்சேலுக்கும் நடுவே உள்ள விளக்கங்கள் மட்டும் 400 ஒட்டகச் சுமை என்கிறார்கள். அந்த விளக்க நூல் மறைந்துவிட்டது. ஒட்டகக் கணக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அப்படியானால் பிறப்புதான் எல்லாமா?

இதற்கு யூத மரபு இரண்டு குரலில் பதில் சொல்கிறது. ஆதாம் ஏன் தனியாளாகப் படைக்கப்பட்டார்? ‘என் அப்பா உன் அப்பாவைவிடப் பெரியவர்’ என்று யாரும் சொல்லாமல் இருக்க என்கிறது தல்மூத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா (சன்ஹெத்ரின் 4:5). முறைகேடான பிறப்பு என்று ஒதுக்கப்பட்டவர் கற்றவராக இருந்தால், கல்லாத பிரதான ஆசாரியனைவிட அவருக்கே முதலிடம் என்கிறது இன்னொரு பகுதி (ஹொராயோத் 3:8). அதே மிஷ்னாதான் பாபிலோனிலிருந்து வந்தவர்களைப் பத்து வகையாகப் பிரித்து, யார் யாரை மணக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது (கித்துஷின் 4:1). அந்தப் பத்தில் ஒன்று, அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள்.

அந்த வகை ஏட்டோடு நிற்கவில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தில், ‘மெயுஹாசிம்’, அதாவது வம்சம் உள்ளவர்கள், ஒரு பக்கம். ‘மெஷுஹ்ராரிம்’, விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி, இன்னொரு பக்கம். இவர்களுக்கு உள்ளே சரிசமமாக உட்காரவும் தோரா வாசிக்க அழைக்கப்படவும் நெடுங்காலம் உரிமை இல்லை. அந்தப் பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) காந்திய வழியில் போராடித்தான் அந்தத் தடைகளை உடைத்தார். யஹஸ் என்ற அதே வேர்ச்சொல்தான் மெயுஹாசிமிலும் இருக்கிறது.

மதம் மாறி யூதரானவருக்கு வம்சம் ஏது?

ஆபிரகாமின் மகன் என்றோ மகள் என்றோ அழைக்கப்படுவார். ஒபதியா என்ற மதம் மாறியவர், ‘எங்கள் பிதாக்களின் தேவனே’ என்று நான் ஜெபிக்கலாமா என்று மைமோனிடிசுக்கு எழுதிக் கேட்டார். தாராளமாகச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. நாங்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபிடமிருந்து வம்சம் சொல்கிறோம். நீங்களோ தம் சொல்லால் உலகைப் படைத்தவரிடமிருந்தே சொல்கிறீர்கள் என்றும் அதில் எழுதினார்.

இன்றைக்கு யாரிடமாவது அந்தப் பதிவேடு இருக்கிறதா?

இல்லை. கோத்திரங்கள் கலந்துவிட்டன. யூதர் என்பது தாய் வழியாக, ஆசாரியர் (கோஹேன்), லேவியர் என்பது தகப்பன் வழியாக என்பது மரபுச் சட்டம், கடைப்பிடிக்கப்படுகிறது. தோரா வாசிக்க முதலில் கோஹேன் ஒருவரை அழைப்பார்கள், அடுத்து லேவியர். மரபைப் பேணும் கோஹேன் விவாகரத்தான பெண்ணை மணக்கமாட்டார், நெருங்கிய உறவினர் தவிர மற்றவர்கள் சாவுக்காகக் கல்லறைத் தோட்டத்துக்குள் போகமாட்டார். 1997இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, தங்களைக் கோஹேன் என்று சொல்லும் ஆண்களிடையே ஒய் குரோமோசோம் ஒற்றுமை கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ஆனால் ஜெப ஆலய வாசலில் யாரும் மரபணுச் சோதனை கேட்பதில்லை.

என்னதான் ஆதாரம் என்றால், அப்பா சொன்னார், அவருக்கு அவருடைய அப்பா சொன்னார், அவ்வளவே. இதற்குச் சட்டத்தில் ‘ஹஸாக்கா’ என்று பெயர். நெடுநாள் அனுபோகம் என்று சொல்லலாம். ஹஸாக்கா எவ்வளவு வலுவானது என்று தல்மூத்தில் (கெதுபோத் 24ஆ) ரபி யோசே வாதிடுகிறார். சான்றுக்கு அவர் எடுக்கும் வசனம் எது தெரியுமா? எஸ்றாவில் பதிவேட்டில் பெயர் கிடைக்காமல் நின்ற அபாயா, கோஸ், பர்சிலாய் வீட்டார் வசனம்தான். மகா பரிசுத்தமானதைச் சாப்பிடாதீர்கள் என்றுதானே ஆளுநர் சொன்னார். நாடுகடத்தப்பட்ட இடத்தில் ஆசாரியருக்கான பங்கை அவர்கள் சாப்பிட்டு வந்தார்களே, அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே என்கிறார்.